உணவுக்குழாய்ப் புற்றுநோயில் சாப்பாடு இறங்கவில்லை: இப்போதே ஸ்டென்ட் வைக்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு 66 வயது. பீடியும் புகையிலையும் நெடுநாள் பழக்கம். சில மாதங்களாகச் சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது என்று சொல்லிவந்தார். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி. பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. பெட் ஸ்கேனில் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கஞ்சி, பால், இளநீர் இறங்குகிறது, இட்லிகூட நிற்கிறது. எடை குறைந்துவிட்டது, ஆனால் தானாக நடக்கிறார், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார். ஒரு டாக்டர் நாளைக்கே ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் கரண்ட் (கதிர்வீச்சு, அதாவது ரேடியேஷன்) வைக்கலாம் என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் வயிற்றில் டியூப் போட்டுவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்றுமே சரியான வைத்தியம்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு நோயாளிக்குப் பொருந்தும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நாளைக்கே ஸ்டென்ட் என்று அவசரப்படும் நிலை இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. திரவம் இறங்குகிறது, எச்சில் இறங்குகிறது, மனிதர் எழுந்து நடமாடுகிறார். இப்படிப்பட்டவரை முதலில் ரேடியேஷன் டாக்டரிடமும் கீமோ டாக்டரிடமும் காட்டுவதுதான் முறை. எச்சில்கூட இறங்காமல் துப்பிக்கொண்டே இருப்பவர், தண்ணீர் குடித்தால் புரையேறி இருமுபவர், படுக்கையோடு படுக்கையாகி இன்னும் சில வாரங்கள்தான் என்ற நிலையில் இருப்பவர், இவர்களுக்கெல்லாம் ஸ்டென்ட்தான் முதல் தேர்வு. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள, நன்றாக விரிந்துகொடுக்கும் குழாய். உள்ளே கட்டி வளர்ந்தாலும் மிச்சமுள்ள சுவர் விரிந்து சாப்பாட்டை அனுப்பிவிடும். உள்விட்டம் ஏறக்குறைய 13 மி.மீ.க்குக் கீழே போனபிறகுதான் கெட்டியான சாப்பாடு நிற்க ஆரம்பிக்கும். அதற்குள் கட்டி சுவரைத் தாண்டிப் போயிருக்கும். மூச்சுக்குழாய், பெருந்தமனி, நிணநீர்க் கணுக்கள் எல்லாம் ஒட்டினாற்போல் பக்கத்திலேயே இருக்கின்றன. உணவுக்குழாயைச் சுற்றித் தடுப்பாக நிற்கும் வெளியுறையும் கிடையாது. அதனால்தான் முதல்முறை எண்டோஸ்கோபி செய்யும்போதே பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் கட்டம் தாண்டிவிடுகிறது. முன்னாலேயே கூட்டிவந்திருக்கலாமே என்று வீட்டில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த நோய் காட்டிக்கொடுப்பதே தாமதமாகத்தான்.

விழுங்கும் சிரமத்தை 0 முதல் 4 வரை எண் போட்டுக் குறிப்பது வழக்கம். எல்லாம் சாப்பிட்டால் 0, கெட்டியான சாப்பாட்டில் சிலது மட்டும் நின்றால் 1, குழைந்தது மட்டும் இறங்கினால் 2, திரவம் மட்டும் என்றால் 3, எதுவுமே இறங்காமல் எச்சிலையும் துப்பினால் 4. உங்கள் அப்பா இப்போது 3. கேஸ் ஷீட்டில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வைத்தியம் வேலை செய்கிறதா என்பதை ஸ்கேனைவிட இந்த எண் சீக்கிரம் சொல்லும். நேற்றுவரை 3 ஆக இருந்தவருக்கு இன்று மதியம் சாப்பிட்டதும் திடீரென்று 4 ஆகிவிட்டால், கட்டி ஒரே நாளில் வளர்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு கவளம் குறுகிய இடத்தில் மாட்டியிருக்கும். எண்டோஸ்கோபியில் அதை எடுத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடுவார்.

சரி, ஸ்டென்ட் விஷயத்துக்கு வருவோம். அடைத்த இடத்தில் ஒரு குழாயைச் செருகி வழிவிடும் யோசனை பழையது. 1880களில் லண்டனில் சார்ட்டர்ஸ் சைமண்ட்ஸ் என்ற சர்ஜன் குழாயை உள்ளே இறக்கி, அது கீழே போய்விடாமல் பட்டு நூலால் கட்டி வெளியே நிறுத்தி வைத்தார். 1920களில் ஹென்றி சவுட்டர் கம்பியைச் சுருட்டிக் குழாய் செய்தார். 1959ல் செலஸ்டின் குழாய் என்ற பிளாஸ்டிக் குழாய் வந்தது. அதை வைக்க வயிற்றைத் திறந்து கீழிருந்து இழுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு எண்டோஸ்கோபி வழியாகவே பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள், ஆனால் அதற்கு முதலில் அடைப்பைப் பலமாக விரித்தாக வேண்டும். விரிக்கும்போது உணவுக்குழாய் கிழிவது அடிக்கடி நடந்தது. தானாக விரியும் உலோக ஸ்டென்ட் 1990 வாக்கில் வந்துதான் நிலைமை மாறியது. 1993ல் ஜெர்மனியில் 42 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாப்பாடு இறங்குவதில் பிளாஸ்டிக்கும் உலோகமும் ஏறக்குறைய ஒன்றுதான். சிக்கல் மட்டும் உலோகத்தில் வெகுவாகக் குறைந்தது. பிளாஸ்டிக் குழாயின் காலம் அத்தோடு முடிந்தது.

இன்றைய ஸ்டென்ட் பெரும்பாலும் நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவையில் பின்னிய வலைக்குழாய். மெல்லிய உறைக்குள் சுருக்கி வைத்திருப்பார்கள். எண்டோஸ்கோப்பை இறக்கி, கட்டி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அளந்து, ஒரு கைடு வயரை வயிறுவரை விட்டு, அந்த வயர் மேலேயே ஸ்டென்ட்டை இறக்கி உறையை மெல்லப் பின்னால் இழுப்பார்கள். இழுக்க இழுக்க ஸ்டென்ட் மலர்ந்து கட்டியை ஓரத்துக்குத் தள்ளும். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே செய்வார்கள், சில இடங்களில் எண்டோஸ்கோப்பை வைத்து மட்டும். உடனே முழுதாக விரியாது. ஒன்று முதல் மூன்று நாளில் மெதுவாக விரியும். விட்டம் வழக்கமாக 18 முதல் 23 மி.மீ. கட்டிக்கு மேலும் கீழும் குறைந்தது 2 செ.மீ. உபரி இருக்க வேண்டும் என்பதால் 6 செ.மீ. கட்டிக்கு 10 செ.மீ. ஸ்டென்ட் வைப்பார்கள். நரம்பில் மயக்க மருந்து போட்டுச் செய்யும் வேலை, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வைப்பதில் தோல்வி என்பது அபூர்வம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சாப்பாடு இறங்க ஆரம்பிக்கும். வேகம் என்ற ஒரு விஷயத்தில் இதற்குப் போட்டியே கிடையாது. உங்கள் டாக்டர் உடனே இதைச் சொன்னதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

ஸ்டென்ட்டில் உறை போட்டது, போடாதது என்று உண்டு. வெறும் வலையாக இருந்தால் அதன் கண்ணி வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்து திரும்பவும் அடைத்துவிடும். ஆனால் சதையோடு பிடித்துக்கொள்வதால் நகராது. முழுக்க சிலிகான் உறை போட்டால் கட்டி உள்ளே நுழையாது, ஆனால் வழுக்கிக் கீழே போய்விடும். நடுவில் மட்டும் உறை போட்டு இரண்டு முனையையும் வெறுமையாக விட்டது மூன்றாவது வகை. உறையில்லாததை இப்போது இந்த நோய்க்கு யாரும் சிபாரிசு செய்வதில்லை. மற்ற இரண்டில் எது மேல் என்பதற்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, செய்பவரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடலாம். பின்னால் எடுக்க வேண்டி வரலாம் என்று தோன்றினால் முழு உறை போட்டதைக் கேளுங்கள், எடுப்பது சுலபம்.

இனி ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். நெதர்லாந்தில் 209 பேரை வைத்துச் செய்து 2004ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் குறிப்பிடுவது. பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்கு ஒரே ஒரு முறை 12 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) பிராக்கிதெரபி. பிராக்கிதெரபி என்றால் உள்ளிருந்து கொடுக்கும் கரண்ட். எண்டோஸ்கோபி உதவியோடு விரல் தடிமனுள்ள ஒரு குழாயை உணவுக்குழாயில் இறக்கி, அதற்குள் இரிடியம்-192 என்ற கதிர்மூலத்தைச் சில நிமிடம் அனுப்பி எடுத்துவிடுவார்கள். முடிவு சுவாரசியமானது. முதல் வாரங்களில் ஸ்டென்ட் வைத்தவர்கள்தான் நன்றாகச் சாப்பிட்டார்கள். மாதங்கள் போகப்போகப் பிராக்கிதெரபிக்காரர்கள் முந்திவிட்டார்கள். சிக்கல் ஸ்டென்ட் பக்கம் 33 சதவீதம், பிராக்கிதெரபி பக்கம் 21 சதவீதம். முக்கியமான வித்தியாசம் பின்னாளில் வரும் ரத்தக்கசிவில்தான்: 13 சதவீதம், 5 சதவீதம்.

ஆகவே கேள்வி கடைசியில் காலத்தைப் பற்றியதுதான். மூன்று மாதத்துக்கு மேல் இருப்பார் என்று எதிர்பார்க்கும் நோயாளிக்கு மெதுவாக வேலை செய்தாலும் நீடித்து நிற்கும் வைத்தியம் நல்லது. அதற்குக் குறைவு என்றால், கரண்ட் வேலை செய்யக் காத்திருக்கும் வாரங்களே அவருடைய மிச்சக் காலத்தில் பெரும்பகுதியாகிவிடும். அங்கே ஸ்டென்ட் வையுங்கள். ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் வழிகாட்டுதலும் நீண்ட ஆயுள் எதிர்பார்க்கும் நோயாளிகளுக்குப் பிராக்கிதெரபியைத் தகுந்த மாற்றாக ஏற்கிறது. "எவ்வளவு காலம்" என்று டாக்டரிடம் கேட்கக் கூசுவார்கள் நம் ஆட்கள். கேளுங்கள். தேதி கேட்க வேண்டாம், "வாரக் கணக்கா, மாதக் கணக்கா, வருஷத்தைத் தாண்டுமா" என்று கேட்டால் போதும். எந்த வைத்தியம் என்பதைத் தீர்மானிப்பதில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

பிராக்கிதெரபி எங்கே கிடைக்கும்? கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உள்கரண்ட் கொடுக்கும் அதே மெஷின்தான் இதற்கும். அதனால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மையங்களில் மெஷின் இருக்கும். உணவுக்குழாய்க்குச் செய்வார்களா, இப்போது செய்கிறார்களா என்பது தனிக்கேள்வி, போகும்முன் கேட்டுவிடுங்கள். மூச்சுக்குழாய்க்குள் கட்டி புகுந்திருந்தால் செய்ய மாட்டார்கள். குழாய் நுழைய வழியில்லாமல் அடைத்திருந்தாலும் நடக்காது.

கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து கொடுக்கும் சாதாரண கரண்ட் இருக்கவே இருக்கிறது. 5 நாளில் 20 கிரே அல்லது 10 நாளில் 30 கிரே என்பது வழக்கமான கணக்கு. கரண்டோடு கீமோவும் சேர்த்தால் விழுங்குவது இன்னும் நன்றாகுமா என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன் நாடுகளில் 220 பேரிடம் சோதித்தார்கள்; 2018ல் வெளியானது. விழுங்குவதில் குறிப்பிடும்படி லாபமில்லை, தொந்தரவு கூடியது. அடைப்பை இளக்க மட்டும் என்றால் கரண்ட் தனியாகவே போதும். ஒரு எச்சரிக்கை: கரண்ட் ஆரம்பித்ததும் உணவுக்குழாய் உட்புறம் வீங்கி, முதல் ஒன்றிரண்டு வாரம் விழுங்குவது இன்னும் மோசமாகலாம். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், வைத்தியம் பலிக்கவில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அந்த நாட்களைத் தாண்ட மூக்கு வழியாக மெல்லிய டியூப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டென்ட்டும் வைத்துக் கரண்டும் கொடுத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்காதா? நியாயமான கேள்வி. டெல்லியில் செய்த ஓர் ஆய்வு, 2012ல் வெளியானது, ஸ்டென்ட்டுக்குப் பிறகு கரண்ட் கொடுத்தவர்களுக்கு நிவாரணம் நீண்டதாகச் சொன்னது. பிரிட்டனில் 220 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2021ல் வந்தது. அதில் விழுங்குவதில் வித்தியாசமே இல்லை. ரத்தக்கசிவு வருவது மட்டும் கொஞ்சம் தள்ளிப்போனது. எனக்கு இரண்டாவதுதான் கனமாகத் தெரிகிறது. ஸ்டென்ட் வைத்தபின் எல்லோருக்கும் கரண்ட் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டியில் ரத்தம் கசியும் தன்மை இருந்தால் யோசிக்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வதை வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. கட்டி சுருங்கினால் ஸ்டென்ட் பிடிப்பு விட்டு நகரும், சுவர் ஓட்டையாகும் ஆபத்தும் உண்டு. சீனாவில் ஸ்டென்ட்டின் மேலேயே அயோடின்-125 மணிகளைப் பொருத்தி ஒரு வகை செய்தார்கள். 160 பேரில் சோதித்து 2014ல் வெளியிட்டதில், வாழ்நாள் நடுமதிப்பு (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 147 நாளிலிருந்து 177 நாளாகக் கூடியது. புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் முடிவுக்கு அது உதவாது.

கீமோவை மறந்துவிடாதீர்கள். திடமாக இருக்கும் நோயாளிக்குக் கீமோ பலித்தால் சில வாரங்களிலேயே விழுங்குவது இளகும், அடைப்புக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாமல் போய்விடுவதும் உண்டு. கல்லீரலுக்குப் போன நோயை அடக்கவும் அதுதான் வழி, ஸ்டென்ட் அதைத் தொடாது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் வந்தபின் கணக்கு இன்னும் மாறியிருக்கிறது. கீமோவோடு பெம்பிரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் வாழ்நாள் நடுமதிப்பு 9.8 மாதத்திலிருந்து 12.4 மாதமானது. மறு ஆண்டு அதே வகையைச் சேர்ந்த நிவோலுமாபிலும் ஏறக்குறைய அதே அளவு முன்னேற்றம் வந்தது. பயாப்சித் துண்டில் பி.டி.-எல்.1 என்ற சோதனை செய்து அளவு அதிகமாக இருந்தால் பலன் கூடுதல். செலவு லட்சக்கணக்கில் போகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கிச் செய்யலாமா என்று கேட்டால், கூடுவது சராசரியாகச் சில மாதங்கள் என்ற உண்மையைத் தெரிந்துகொண்டு குடும்பம் முடிவெடுக்கட்டும் என்பேன்.

அடைப்பைத் திறக்க வேறு எண்டோஸ்கோபி முறைகளும் இருக்கின்றன. பலூனாலோ மெழுகுவத்தி வடிவக் குச்சியாலோ விரிப்பது சில நாள், அதிகம் போனால் ஓரிரு வாரம் தாங்கும், கிழியும் ஆபத்தோடு. தனி வைத்தியமாக அது வீண். லேசரால் கட்டியை எரிப்பது 1980களில் பெரிய நம்பிக்கையாக இருந்தது. உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் குட்டையான கட்டிக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நான்கைந்து வாரத்துக்கொரு முறை திரும்ப வர வேண்டும். ஆர்கான் வாயு வழியாக எரிப்பது இப்போது அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது, கசியும் ரத்தத்தை நிறுத்தவும், ஸ்டென்ட் முனையில் வளர்ந்த சதையைச் சீவவும் உதவும். கட்டிக்குள் ஆல்கஹால் ஊசி போடுவது மிக மலிவு, வலி அதிகம். போட்டோடைனமிக் தெரபி என்று ஒன்று, அமெரிக்காவில் 1995ல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஒளியில் தூண்டப்படும் மருந்தை நரம்பில் ஏற்றி, இரண்டு நாள் கழித்து உள்ளே சிவப்பு லேசர் காட்டுவார்கள். மருந்து தோலிலும் தங்கிவிடுவதால் குறைந்தது ஒரு மாதம் வெயிலில் தலைகாட்டக் கூடாது. நம் ஊர் வெயிலில், மிச்சமிருக்கும் சில மாதத்தில் ஒன்றை இருட்டறையில் கழி என்று ஒருவரிடம் சொல்வதற்கு எனக்கு மனம் வராது.

வயிற்றில் டியூப் போடச் சொன்ன சொந்தக்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி. எடை இவ்வளவு குறைந்தவரைப் பட்டினியோடு கீமோவுக்கு அனுப்பக் கூடாது. கீமோவும் கரண்டும் வேலை செய்யும்வரை மூக்கு வழி டியூபோ, வயிறு அல்லது சிறுகுடல் வழி டியூபோ போட்டு ஊட்டம் கொடுப்பது நல்ல யோசனைதான். மறுபாதி என்னவென்றால், டியூப் வயிற்றை நிரப்பும், வாயை நிரப்பாது. நாம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் எச்சில் விழுங்குகிறோம். எண் 4ல் இருக்கும் நோயாளிக்கு டியூப் மட்டும் போட்டால், அவர் கையில் பாத்திரத்தோடு எச்சிலைத் துப்பியபடியே உட்கார்ந்திருப்பார், இரவில் அது நுரையீரலுக்குள் இறங்கும். அங்கே ஸ்டென்ட்தான் மரியாதையான வைத்தியம். இன்னொன்று: வாரக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிடாதவருக்கு டியூப் போட்ட அன்றே முழு அளவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பாசத்தில் முதல் நாளே லிட்டர் கணக்கில் ஊற்றிவிடாதீர்கள்.

யோசிக்கவே தேவையில்லாமல் ஸ்டென்ட் என்று சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. கட்டி அரித்து உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால், குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் குடித்த உடனே அடக்க முடியாத இருமல், திரும்பத் திரும்ப நிமோனியா என்றால் இதைச் சந்தேகியுங்கள். உறை போட்ட ஸ்டென்ட் ஓட்டையை மூடிவிடும். உங்கள் அப்பாவுக்குக் கட்டி நடுப்பகுதியில் இருப்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன், மூச்சுக்குழாய் பிரியும் இடம் அதையொட்டித்தான் இருக்கிறது. அதே காரணத்தால், எந்த நாளில் ஸ்டென்ட் வைத்தாலும் அதற்கு முன் சி.டி.யில் கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். அழுத்தினால், உணவுக்குழாயில் விரியும் ஸ்டென்ட் மூச்சையே அடைத்துவிடலாம். முதலில் மூச்சுக்குழாயைப் பார்த்து, தேவைப்பட்டால் அங்கே ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டுத்தான் இங்கே வைக்க வேண்டும்.

கட்டி தொண்டைக்குப் பக்கத்தில் மிக மேலே இருந்தால் ஸ்டென்ட் முனை எப்போதும் உறுத்தும், சிலருக்குத் தாங்கவே முடியாமல் எடுக்க வேண்டி வரும். கீழே இரைப்பை வாய்வரை இருந்தால் ஸ்டென்ட் அந்த வாயைத் திறந்தே வைத்துவிடும், அமிலம் மேலே வரும். தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி, பான்டோபிரசோல் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அமிலம் மேலே ஏறாமல் தடுக்கும் வால்வு வைத்த ஸ்டென்ட் என்று விலை கூட்டிச் சொல்வார்கள், சாதாரண ஸ்டென்ட்டும் மாத்திரையும் சேர்ந்ததைவிட அது மேல் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆபரேஷன் வாய்ப்பு கொஞ்சம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு முடியும்வரை உலோக ஸ்டென்ட் வேண்டாம். ஸ்டென்ட் வைத்துவிட்டு ஆபரேஷன் செய்தவர்களில் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது குறைவு என்று பிரான்ஸில் 2015ல் காட்டியிருக்கிறார்கள்.

பின்னாளில் ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தால், வீட்டில் என்ன எதிர்பார்க்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். விரிவதால் முதல் சில நாள் நெஞ்சு வலிக்கும், பலருக்கு நன்றாகவே வலிக்கும். ஹார்ட் அட்டாக்கோ என்று பதற வேண்டாம், ஆனால் வலி மருந்தை எழுதி வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். வலியோடு காய்ச்சல், கழுத்துத் தோலுக்கடியில் நறநறவென்ற வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம், உடனே திரும்புங்கள். அது நூற்றில் ஓரிருவருக்கு நடக்கும். கறுப்பாக மலம் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ அதேதான்.

சாப்பாடு முதல் நாள் திரவம், அப்புறம் கூழ், அப்புறம் குழைந்த சாதம். ஸ்டென்ட் வைத்த இடம் சுருங்கி விரியாது, சாப்பாடு தன் எடையில் இறங்குகிறது. அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்னக் கவளமாக, நடுநடுவே வெந்நீர் குடித்துச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் அரை மணியாவது படுக்கக் கூடாது. ராகிக் கூழ், ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சாதம், பருப்புக் கடைசல், மசித்த வாழைப்பழம், தயிர், முட்டையைக் கலக்கி வேகவைத்தது எல்லாம் நன்றாக இறங்கும். இட்லியை அப்படியே கொடுத்தால் களியாகி ஒட்டும், சாம்பாரிலோ பாலிலோ ஊறவைத்துக் கொடுங்கள். பரோட்டா, சப்பாத்தி, ரொட்டி, இறைச்சித் துண்டு, முருங்கைக்காய் சக்கை, நார் நாராகக் கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சுளைத் தோல், மீன் முள் இவற்றைத் தள்ளி வையுங்கள். ஆசைப்பட்டுக் கேட்டால் கறிக்குழம்பின் சாற்றைச் சாதத்தில் பிசைந்து கொடுக்கலாம், மனிதருக்கு நாக்கு இருக்கிறதே.

மூன்றில் ஒருவருக்கு ஏறக்குறைய எப்போதாவது திரும்ப அடைக்கும். சாப்பாடு மாட்டியிருந்தால் எண்டோஸ்கோபியில் தள்ளிவிடலாம் அல்லது எடுத்துவிடலாம். முனையில் கட்டி வளர்ந்திருந்தால் உள்ளேயே இன்னொரு ஸ்டென்ட் வைப்பார்கள். நகர்ந்து வயிற்றுக்குள் விழுந்திருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். இதில் எதுவும் வைத்தியம் தோற்றதற்கான அடையாளம் கிடையாது. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் நிட்டினால் ஸ்டென்ட்டோடு பொதுவாக எடுக்கலாம். கம்பெனி கொடுக்கும் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து ஸ்கேன் சென்டரில் காட்டுங்கள். ஸ்டென்ட்டின் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்த வகை அதில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வழி திறந்துவிட்டாலும் பசி திரும்பி வராமல் போகலாம். அது கட்டியின் வேலை, அடைப்பின் வேலை இல்லை. தட்டை மூஞ்சிக்கு முன்னால் நீட்டி "இன்னும் ரெண்டு வாய்" என்று கெஞ்சுவதால் எடை கூடுவதில்லை, சாப்பாட்டு நேரத்தையே அவர் வெறுக்க ஆரம்பித்துவிடுவார். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் வலி நிவாரண சிகிச்சைப் பிரிவை இப்போதே, நடமாட்டம் நன்றாக இருக்கும்போதே, பார்த்து வையுங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் ஏற்பாடு செய்வார்கள்.

மாத்திரைகளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள், பலரும் விட்டுவிடும் விஷயம் இது. எண் 3ல் இருப்பவருக்குப் பெரிய மாத்திரை அடைப்பில் நின்று புண்ணாக்கும். பிரஷர், சுகர் மாத்திரை உட்பட எதையெல்லாம் சிரப்பாக மாற்றலாம், எதையெல்லாம் நிறுத்தலாம் என்று டாக்டரிடம் பட்டியலோடு போய்க் கேளுங்கள். மார்பின் சாதாரண மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஆனால் எஸ்.ஆர். என்று பெயரோடு ஒட்டிய, மெதுவாகக் கரையும் வகையை ஒருபோதும் பொடிக்காதீர்கள், பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏறிவிடும். விழுங்கவே முடியாதபோது தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் இருக்கிறது. மார்பின் ஆரம்பித்த அன்றே மலமிளக்கியும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.